சொத்துக்கு மதிப்புச் சொல்லும் தொழில்: வாசகர் கேள்விகள்

வீடு, மில், நகை, பங்கு எதுவானாலும் ‘இது எவ்வளவு பெறும்?’ என்ற கேள்விக்குக் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்பவர் மதிப்பீட்டாளர். இந்தத் தொழிலுக்கு வருவது எப்படி, வேலை எப்படி இருக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, நிலம்–கட்டடம், இயந்திரம், நிதி, நகை ஆகிய துறைகளில் மதிப்பீடு செய்பவர்கள் பதில் தருகிறார்கள்.

பி.இ. சிவில் முடித்து 6 வருடமாகக் கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினீயராக இருக்கிறேன். ‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு வேல்யூவர்’ ஆக எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகைகளில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பதிவு என்று எதுவும் கிடையாது. வாசல்கள் மூன்று. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 247-ஆம் பிரிவின் கீழ் ‘பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்’ ஆவது ஒன்று. இதைக் கவனிப்பது இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம், சுருக்கமாக ஐ.பி.பி.ஐ. வருமான வரித் துறையிடம் பதிவது இன்னொன்று. பழைய சொத்தை விற்பவர்கள் மூலதன ஆதாயக் கணக்குக்கு வாங்கும் அறிக்கை இந்தப் பதிவுக்காரரிடம்தான். மூன்றாவது, ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று வைத்திருக்கும் மதிப்பீட்டாளர் பட்டியல், அதாவது பேனல். ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது.

உங்கள் தகுதிக்கு இப்போதே திறந்திருப்பது முதல் வாசல். 2017 அக்டோபரில் வந்த விதிகளின்படி சொத்துகள் மூன்று வகை: நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குகள் மற்றும் நிதிச் சொத்துகள். நிலம்–கட்டடத்துக்கு சிவில், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு 5 ஆண்டு அனுபவம் வேண்டும். முதுநிலைப் பட்டம் என்றால் 3 ஆண்டு போதும்.

செய்ய வேண்டிய வரிசை இது. ஐ.பி.பி.ஐ. அங்கீகரித்த பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகுங்கள். இப்படிப் பல அமைப்புகள் இருக்கின்றன. எல்லா அமைப்புக்கும் மூன்று வகைக்கும் அங்கீகாரம் இருக்காது. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வகைக்கு அங்கீகாரம் உண்டா என்று ஐ.பி.பி.ஐ. இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அந்த அமைப்பு நடத்தும் 50 மணி நேரப் பயிற்சியை முடித்து, கணினி வழித் தேர்வில் தேறி, தேறிய 3 ஆண்டுகளுக்குள் அதே அமைப்பின் பரிந்துரையோடு பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2017 விதிகளில் தனிநபர் விண்ணப்பக் கட்டணம் 5,000 ரூபாய். கட்டுகிற நாளில் நடப்புத் தொகையைச் சரிபாருங்கள். கட்டிய பணம் திரும்பாது.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் இடறுவது அனுபவச் சான்றில்தான். ‘இவர் எங்களிடம் பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரிச் சான்று போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவி, என்ன வகைக் கட்டுமானம், உங்கள் பொறுப்பு என்ன என்பதெல்லாம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நடுவில் நிறுவனம் மாறியிருந்தால் பழைய இடத்தின் சான்றை இப்போதே வாங்குங்கள். சிறிய நிறுவனங்கள் மூடிவிட்டால் அந்த ஆண்டுகளை நிரூபிக்க சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும்தான் மிஞ்சும்.

பதிவு எண் வந்த கையோடு வேலையை விட்டுவிட வேண்டாம். அதற்கு முன்பே வார இறுதிகளில் ஒரு மூத்த மதிப்பீட்டாளருடன் சைட் விசிட் போங்கள். டேப் பிடிப்பது, புல வரைபடத்தை நிலத்தோடு பொருத்துவது, அக்கம்பக்கத்தில் விலை விசாரிப்பது, அறிக்கையின் முதல் வரைவு எழுதுவது என்று ஒரு 50 சொத்தையாவது தொட்டிருந்தால் பிற்பாடு தடுமாற்றம் இருக்காது. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கடை திறந்தவர்கள்தான் இந்தத் தொழிலில் சீக்கிரம் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

டிப்ளமோ சிவில் படித்து 15 வருட அனுபவம் உண்டு. எனக்கு வழி இல்லையா?
– வாசகர், நாமக்கல்

கம்பெனிகள் சட்டப் பதிவுக்கு டிப்ளமோ போதாது. அனுபவம் எவ்வளவு நீண்டாலும் பட்டத்துக்கு ஈடாகாது. பகுதி நேர பி.இ. ஒரு வழி, கோவையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டிப்ளமோக்காரர்களுக்கென்று மாலை நேரப் படிப்பு நெடுங்காலமாக நடக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவுக்கான 5 ஆண்டு பட்டம் பெற்ற நாளிலிருந்துதான் எண்ணப்படும். அதற்குள் மதிப்பீட்டு நிறுவனங்களிலும் வீட்டுக்கடன் நிறுவனங்களின் டெக்னிக்கல் பிரிவிலும் கள ஆய்வாளராக வேலை செய்யலாம். அங்கே உங்கள் 15 வருடத்துக்கு நல்ல மரியாதை உண்டு. அறிக்கையில் கையெழுத்துதான் வேறொருவருடையதாக இருக்கும்.

தேர்வு கடினமா? எப்படிப் படிப்பது?
– வாசகர், திருநெல்வேலி

2 மணி நேரம், 100 மதிப்பெண், கொள்குறி வினாக்கள். 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் 25 சதவீதம் கழியும். ஆகவே நான்கு விடையில் இரண்டையாவது விலக்க முடியாத வினாவைத் தொடாமல் விடுவது நல்லது.

இன்ஜினீயர்கள் பெரும்பாலும் சறுக்குவது சட்டப் பகுதியிலும் கணக்குப் பகுதியிலும். சொத்து மாற்றுச் சட்டம், நில எடுப்புச் சட்டம், ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், திவால் சட்டம் ஆகியவற்றைப் பிரிவு எண்ணோடு படியுங்கள். குத்தகை உரிமையின் மதிப்பு, இன்றைய மதிப்பாக்கம், தேய்மானம் ஆகிய கணக்குகளைக் கால்குலேட்டரில் கை பழகும் வரை போடுங்கள். ஒரு சொத்தின் விவரம் கொடுத்து அடுத்தடுத்து வினா கேட்கும் பகுதிக்கு மதிப்பெண் அதிகம். அதைக் கடைசி நிமிடத்துக்கு ஒதுக்காதீர்கள்.

ஆர்க்கிடெக்ட் நான். பதிவு முடிந்துவிட்டது. ஒரு வீட்டை மதிப்பிடும்போது முதல் நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று கணக்கோடு சொல்வீர்களா?
– வாசகி, சென்னை

ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன்பே பாதி வேலை இருக்கிறது. கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், அனுமதி பெற்ற வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றை வாங்கி ஒன்றோடு ஒன்று ஒத்துப்பாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர்ஸ் கணக்கில் இருக்கும். பத்திரத்தில் சென்ட்டிலோ சதுர அடியிலோ இருக்கும். 1 ஏர் என்பது 1,076 சதுர அடி, 2.47 சென்ட். பட்டாவில் 0.04.50 என்று இருந்தால் 4.5 ஏர்ஸ், ஏறக்குறைய 11.12 சென்ட், 4,844 சதுர அடி. பத்திரம் 12 சென்ட் என்றால் அந்த முக்கால் சென்ட்டுக்கு மேல் எங்கே போனது என்று தெரிய வேண்டும். பத்திரம், பட்டா, நேரில் அளந்தது ஆகிய மூன்றில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. காரணத்தையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, சரியான இடத்தில்தான் நிற்கிறோமா என்பது. இது அற்பமாகத் தோன்றும். ஆனால் மதிப்பீட்டில் நடக்கும் மிகப் பெரிய தவறு பக்கத்து மனையை அளந்துவிட்டு வருவதுதான். புறநகர் மனைப்பிரிவுகளில் ஒரே பெயரில் ‘விரிவு’ என்று இரண்டாவது லேஅவுட் போட்டிருப்பார்கள்; 14-ஆம் எண் மனை இரண்டிலும் இருக்கும். சர்வே எண் உட்பிரிவான பிறகு பழைய எண்ணிலேயே பத்திரம் எழுதியிருப்பார்கள். சொத்துக்காரர் கைகாட்டும் இடத்தை அப்படியே நம்ப வேண்டாம். பத்திரத்தின் செக்குபந்தியில் ‘வடக்கே 20 அடி ரோடு, கிழக்கே 15-ஆம் எண் மனை’ என்று இருந்தால், வடக்கே ரோடு இருக்கிறதா என்று நின்று பாருங்கள். தெருமுனையிலிருந்து மனை வரை லேஅவுட் வரைபடத்தின்படி எண்ணிக்கொண்டு நடந்து வாருங்கள். மின் இணைப்பு அட்டையில் உள்ள முகவரியையும் ஒப்பிடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு படம் எடுங்கள்; நான்கு எல்லையும் தெரியும் படம் ஒவ்வொன்று வேண்டும்.

இனி கணக்கு. 2,400 சதுர அடி, அதாவது 1 கிரவுண்ட் மனை, 30 அடி ரோடு. அதில் 1,500 சதுர அடி கான்கிரீட் வீடு, வயது 18 என்று வைத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

அக்கம்பக்கத்தில் மூன்று விலை கிடைக்கிறது. முதல் மனை 1,200 சதுர அடி, 5 மாதத்துக்கு முன் சதுர அடி 4,200-க்கு விற்றது. சிறிய மனையை வாங்க ஆள் அதிகம், அதனால் சதுர அடி விலை கூடுதல். 5 சதவீதம் கழித்தால் 3,990. இரண்டாவது 2,400 சதுர அடிதான். ஆனால் 40 அடி ரோட்டில் கார்னர் மனை, 4,800-க்குப் போனது. 15 சதவீதம் கழித்தால் 4,080. மூன்றாவது விற்பனைக்கு நிற்கிறது, சொல்லும் விலை 5,000. பேரத்துக்கு 10 சதவீதம் கழித்து 4,500; மெயின் ரோட்டுக்கு அருகில் இருப்பதற்கு இன்னும் 8 சதவீதம் கழித்து 4,140. நடந்துமுடிந்த விற்பனைக்குத்தான் எடை அதிகம். சொல்லும் விலை துணைக்கு மட்டும். ஆக 4,050 என்று எடுக்கலாம். நிலம்: 97,20,000 ரூபாய்.

வீடு: இன்று அதே தரத்தில் கட்ட சதுர அடிக்கு 2,300 என்றால் 34,50,000. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் பொருள் மதிப்பு 10 சதவீதம் என்று வைப்பது வழக்கம். 18-ஐ 60-ஆல் வகுத்து 90 சதவீதத்தால் பெருக்கினால் தேய்மானம் 27 சதவீதம், 9,31,500 ரூபாய். மீதி 25,18,500. காம்பவுண்ட் சுவர், சம்ப், போர்வெல், கேட் ஆகியவை தேய்மானம் போக 3,00,000. மொத்தம் 1,25,38,500, முழுமையாக்கி 1.25 கோடி.

இந்த எண்ணைவிட அது வந்த வழிதான் முக்கியம். ஏன் 5, ஏன் 15 என்று கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: ‘இந்தப் பகுதியில் கார்னர் மனைக்கும் உள்மனைக்கும் நடந்த விற்பனைகளில் இவ்வளவு வித்தியாசம் இருந்தது’ என்று. கணக்கு தலைகீழாகப் போவதும் உண்டு. வீட்டுக்காரர் 1.4 கோடி என்றார், அதற்கு ஏற்ப நில விலையை ஏற்றுவது. படிக்கிறவர் அனுபவசாலி என்றால் முதல் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

வழிகாட்டி மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அது பத்திரப்பதிவுக் கட்டணத்துக்காகப் பதிவுத் துறை வைக்கும் மதிப்பு. சந்தை விலை அல்ல. 2017 ஜூனில் தமிழ்நாட்டில் அதை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு ஏற்றிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். அந்த நாள்களில் எந்த வீட்டின் சந்தை விலையும் ஒரே இரவில் 33 சதவீதம் இறங்கவும் இல்லை, பிறகு ஏறவும் இல்லை. ஆனாலும் பல வங்கிப் படிவங்களில் உங்கள் மதிப்புக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விளக்கம் கேட்கும் கட்டம் உண்டு. அதில் ‘சந்தை நிலவரம்’ என்று இரண்டு சொல் எழுதித் தப்பிக்கப் பார்க்காமல், நீங்கள் எடுத்த விற்பனைகளைத் தேதியோடு எழுதுங்கள்.

அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடிக்கு மதிப்புப் போட வேண்டாம். ‘இன்ன பரப்பு அனுமதிக்குப் புறம்பானது, கணக்கில் சேர்க்கவில்லை’ என்று தனியாக எழுதுங்கள். அடுக்குமாடி என்றால் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். பழைய வீடுகளில் மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தையும் கான்கிரீட் தளத்தையும் ஒரே ஆயுளில் சேர்த்துவிடாதீர்கள். மாடிப்படி ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் தேக்கு உத்திரம் காட்டிக்கொடுத்துவிடும்.

வங்கி பேனலில் சேர்ந்தால் நிலையான வருமானம் வரும் என்கிறார்கள். உண்மையா? மேலாளர் சொல்லும் தொகையைப் போட வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார்களே?
– வாசகர், மதுரை

வேலை வரும், நிலையாக வரும் என்று சொல்ல முடியாது. பேனலில் இருப்பவர்களுக்கு முறை வைத்துக் கொடுக்கும் கிளையும் உண்டு, ஒருவருக்கே கொடுக்கும் கிளையும் உண்டு. கட்டணம் சொத்து மதிப்பின் அடுக்குக்கு ஏற்ப வங்கியே நிர்ணயிப்பது. பெரும்பாலும் கடன் கேட்பவர் கணக்கிலிருந்து வரும். கிராமத்துச் சொத்துக்கு 60 கிலோமீட்டர் போய் வந்தாலும் அதே கட்டணம்தான். ஒரு வங்கியை மட்டும் நம்பாமல் நான்கைந்து பேனலில் இருப்பது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. பதிவும் உண்டு. பெரிய சொத்துகளுக்கு அனுபவ ஆண்டு கூடுதலாகக் கேட்பார்கள். 50 கோடிக்கு மேற்பட்ட சொத்துக்கு இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் வாங்குவது வங்கிகளின் நடைமுறை.

நெருக்கடி உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘சார், 80 லட்சம் வந்தால் லோன் முடிஞ்சிடும்’ என்று போன் வரும். அந்த எண்ணைக் காதில் வாங்காமல் முதலில் சைட்டுக்குப் போய் உங்கள் எண்ணைக் குறித்துவிடுங்கள். பிறகு கேட்டாலும் மனம் அதைச் சுற்றியே ஓடாது. கடன் கேட்பவரிடம் நேரடியாகக் கட்டணமோ, போக்குவரத்துச் செலவோ, டீக்காசோ வாங்கக் கூடாது. அறிக்கையை அவர் கையில் கொடுக்காமல் கிளைக்கே அனுப்புங்கள்.

இதில் வளைந்துகொடுத்தவர்கள் படும் பாடு பெரிது. கடன் வாராக்கடன் ஆகும்போது வங்கி முதலில் எடுத்துப் பார்ப்பது வேல்யூவேஷன் கோப்பைத்தான். இரண்டாவது மதிப்பீடு பாதியாக வந்தால் பேனலில் இருந்து நீக்கம், மற்ற வங்கிகளுக்கு எச்சரிக்கை, தொகை பெரிதானால் போலீஸ் விசாரணை வரை போகும். கம்பெனிகள் சட்டத்தின் கீழ் செய்யும் மதிப்பீட்டில் விதி மீறினால் 50,000 ரூபாய் தண்டம்; ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று நிரூபணமானால் ஓராண்டு வரை சிறையும் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை அபராதமும். தனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு இருக்கும் சொத்தை மதிப்பிடவே கூடாது. பணி ஏற்பதற்கு முந்தைய 3 ஆண்டும் மதிப்பிட்ட பிந்தைய 3 ஆண்டும் அந்தத் தடையில் அடங்கும். மைத்துனரின் மனை என்றால் கட்டணம் வாங்காவிட்டாலும் ஒதுங்குவதே சரி.

கள ஆய்வுக் குறிப்பேடு, படங்கள், விலை விசாரித்தவர்கள் சொன்னது, தொலைபேசிப் பேச்சின் தேதி எல்லாவற்றையும் கோப்பாக வைத்திருங்கள். கேள்வி எட்டு ஆண்டு கழித்துக்கூட வரும். அப்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கையெழுத்துக் குறிப்புகள்தான்.

மெக்கானிக்கல் இன்ஜினீயர். ஸ்பின்னிங் மில் பராமரிப்பில் 9 வருடம். இயந்திர மதிப்பீட்டுக்கு என் அனுபவம் உதவுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உதவுமா என்ன, இந்த வகையில் குறைபடுவதே உங்களைப் போன்றவர்கள்தான். நிலத்துக்கு மதிப்புச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஓடும் ரிங் ஃப்ரேமின் (நூல் நூற்கும் இயந்திரத்தின்) சத்தத்தை வைத்து அதன் நிலையைச் சொல்பவர்கள் குறைவு. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், டெக்ஸ்டைல், கெமிக்கல், லெதர் போன்ற பட்டங்களும் அதன் பிறகு 5 ஆண்டும் போதும்.

மில்லுக்குள் போனதும் சொத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரத்தின் நேம்பிளேட்டையும் பாருங்கள்: தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், தயாரித்த ஆண்டு. பதிவேட்டில் 12 ஃப்ரேம் இருக்கும், ஷெட்டில் 11 நிற்கும்; ஒன்றைக் கழற்றி உதிரி பாகமாக ஓட்டியிருப்பார்கள். வரிசை எண் சுரண்டியிருந்தால் அது வேறு கடனில் அடமானமா, வாடகைக்கு எடுத்ததா என்று கேளுங்கள். ஏற்றுமதிச் சலுகையில் சுங்கவரி கட்டாமல் இறக்குமதி செய்திருந்தால், 6 ஆண்டில் மிச்சமான வரியின் 6 மடங்கு ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற கடப்பாடு நிற்கும். அது முடியாத இயந்திரத்தின் மேல் வரியும் வட்டியும் வந்து விழும்.

கணக்கு இப்படிப் போகும். அதே திறனுள்ள புதிய ஃப்ரேம் இன்று 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுக்கும் மில்லுக்கு வரியை இதில் சேர்க்கக் கூடாது. புதியவர்கள் செய்யும் முதல் பிழை அது. வயது 12, உண்மையான ஆயுள் 20, மிச்ச மதிப்பு 10 சதவீதம் என்றால் தேய்மானம் 54 சதவீதம்; மீதி 27.6 லட்சம். புதிய ஃப்ரேமில் தானாக டாஃபிங் (நூல் நிறைந்த கண்டுகளை எடுத்து மாற்றுவது) ஆகிறது, மின்சாரம் குறைவு, ஆள் குறைவு. இந்தப் பின்தங்கலுக்கு 15 சதவீதம் கழித்தால் 23.46 லட்சம். இதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய இயந்திர வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். அவர்கள் 18 லட்சம் என்றால் உங்கள் கழிவு போதவில்லை என்று அர்த்தம்.

கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரத்துக்கு 15 ஆண்டு ஆயுள் சொல்கிறது. மூன்று ஷிஃப்ட் ஓடினால் தேய்மானம் இரு மடங்கு. அது கணக்குப் புத்தகத்துக்கானது. புத்தகத்தில் பூஜ்யமான கார்டிங் மெஷின் நூல் உற்பத்தி செய்துகொண்டுதான் இருக்கும். அதற்கு மதிப்பு உண்டு. அதற்கு நேர் எதிராக, நேற்று வாங்கிய சாயப்பட்டறை இயந்திரம் ஒன்றுக்கும் ஆகாமல் போகலாம். திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இயந்திரம் பழுதாகவில்லை. கழிவுநீர் அனுமதி இல்லாததால் ஓட்ட முடியவில்லை. ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு எந்தத் தேதி வரை என்பதும் இயந்திர மதிப்பின் ஒரு பகுதி.

இன்னொன்று: இருக்கும் இடத்தில் ஓடும் நிலையில் ஒரு மதிப்பு, கழற்றி எடுத்துப்போக ஒரு மதிப்பு. அடித்தளம், கேபிள், ஏர் டக்ட், பொருத்திய கூலி எல்லாம் கழற்றும்போது காற்றில் போகும். திவால் நடைமுறையில் நியாய மதிப்பும் கலைப்பு மதிப்பும் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான். அங்கே இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே வேலை செய்வார்கள். இருவரின் எண்ணும் 25 சதவீதத்துக்கு மேல் விலகினால் மூன்றாமவரை அழைக்கலாம். உங்கள் எண் இன்னொருவரின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும் என்று தெரிந்தே எழுத வேண்டிய இடம் அது.

எம்.பி.ஏ. நிதி படித்திருக்கிறேன். பங்கு மதிப்பீட்டில் எதிர்காலம் எப்படி?
– வாசகி, ஈரோடு

சி.ஏ., சி.எஸ்., சி.எம்.ஏ., எம்.பி.ஏ. நிதி ஆகியோர் 3 ஆண்டு அனுபவத்தோடு வரலாம். கம்பெனி புதுப் பங்கு ஒதுக்கும்போது, இரண்டு கம்பெனிகள் இணையும்போது, ஊழியருக்குப் பங்கு கொடுக்கும்போது, திவால் வழக்கில் என்று வேலை வரும். ஸ்டார்ட்அப் பங்குக்கு விதித்துவந்த ‘ஏஞ்சல் வரி’ 2025 ஏப்ரலில் போய்விட்டதால் அதற்கென்றே அறிக்கை எழுதியவர்களுக்கு வேலை குறைந்திருக்கிறது. ஒரே வகை வேலையை நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்றைக் காட்டுகிறோம். எதிர்கால வரவை இன்றைய மதிப்பாக்கும் முறையில், 5 ஆண்டுக்குப் பிந்தைய காலம் முழுவதையும் ஒரே எண்ணாகச் சேர்ப்போம். தள்ளுபடி விகிதம் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 15, வளர்ச்சி 5 சதவீதம் என்றால் பெருக்கும் எண் 1.05-ஐ 0.10-ஆல் (15-இல் 5 போன மீதி 10 சதவீதம்) வகுத்தது: 10.5. வளர்ச்சியை 6 ஆக்கிப் பாருங்கள், 1.06-ஐ 0.09-ஆல் வகுக்க 11.78. ஒரே ஒரு சதவீதம் கூட்டியதில் அந்தப் பகுதி 12 சதவீதம் வீங்கிவிட்டது. மொத்த மதிப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். நிர்வாகம் கொடுக்கும் எக்செல் தாளை வாங்கி அப்படியே பெருக்கிக் கொடுப்பது மதிப்பீடு ஆகாது. கடந்த 3 ஆண்டின் விற்பனை, லாப விகிதம், சரக்கு வாங்கியவர்கள் பாக்கி வைத்திருக்கும் நாள் கணக்கு ஆகியவற்றோடு அந்தக் கணிப்பு ஒத்துவருகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

பரம்பரையாகப் பொற்கொல்லர் குடும்பம். வங்கியில் நகை அப்ரைசர் ஆகலாமா?
– வாசகர், கும்பகோணம்

தாராளமாக. இதற்குப் பட்டம் கேட்பதில்லை. கேட்பது கை அனுபவமும் நாணயமும். வங்கிகளும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்களும் பெரும்பாலும் கமிஷன் அடிப்படையில் வைத்துக்கொள்கின்றன. நகை மதிப்பீட்டுப் பயிற்சிச் சான்று, ஜாமீன், வைப்புத்தொகை கேட்பார்கள். வங்கிக்கு வங்கி வேறுபடும். மாதச் சம்பளம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிளையில் நகைக்கடன் எவ்வளவோ அவ்வளவுதான் வரவு.

உரைகல்லும் அமிலமும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாகப் பழக வேண்டியது எழுத்து வேலை. மொத்த எடை 48.200 கிராம்; கல், அரக்கு, நூல் 3.400; நிகர எடை 44.800. தரம் 20 காரட் என்றால் 22 காரட்டுக்கு மாற்ற 20-ஆல் பெருக்கி 22-ஆல் வகுக்க, 40.727 கிராம். இதற்குத்தான் கடன். ரிசர்வ் வங்கியின் 2025 வழிகாட்டுதலின்படி கல்லுக்கும் செய்கூலிக்கும் மதிப்புக் கிடையாது. கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் முடிவு விலை இரண்டில் எது குறைவோ அதுதான். தரம் பார்க்கும்போது கடன் வாங்குபவர் எதிரில் இருக்க வேண்டும். கழித்த எடையை அவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் இருக்கிறது என்று உரைக்காமல் விட வேண்டாம். முத்திரை உள்ள கொக்கியை வேறு சங்கிலியில் பற்றவைத்துக் கொண்டுவருவார்கள். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். கனமாக முலாம் பூசிய வளையலுக்கு அதுவும் 22 காரட் என்று காட்டும். கொக்கியில் ஒன்று, நடுவில் ஒன்று, பற்றவைத்த இடத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் உரைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சிறிய அரத்தால் உள்பக்கம் ஒரு கீறல் போட வாடிக்கையாளரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் நகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி நான்கைந்து வளையல்களை வெவ்வேறு பெயர்களில் கொண்டுவந்தால் மேலாளரிடம் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். போலி நகைக் கடன் வெளியே வரும் நாளில் பொட்டலத்தின் மேல் இருக்கும் கையெழுத்து உங்களுடையது.